எலி கடித்த ஒயர்

மஞ்சள் பனியன் ஒன்றைத் திருப்பிப் போட்டு, தோள் தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்கினாள் நாகமணி, அப்புறம் கைக்குழியில் ஒன்று, அடிமடிப்பில் எலிவால் மாதிரி ஒன்று, எலி என்று நினைத்ததுமே கை நின்றது, பிறகு மறுபடி நறுக் நறுக், உதறி இடப்பக்கம் போட்டாள், வலப்பக்கத்து மூட்டையிலிருந்து அடுத்ததை இழுத்தாள். கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வரும் குழந்தைப் பனியன்கள், எந்த ஊர்க் குழந்தை போடப்போகிறதோ, ஒரு பிசிறு தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கால் கட்டைவிரலில் கட்டியிருந்த கயிறு தூளிக்குப் போனது; ஒரு பனியன் முடிவதற்குள் கால் தானாக ஒரு இழுப்பு இழுத்துவிடும், தூளி ஜன்னல்வரை போய்த் திரும்பும், உள்ளே பாப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு வாசம் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை, லைன் வீட்டுக் குழாயடியில் யாரோ பாத்திரம் விளக்கும் சத்தம், அதையும் மீறி, உள்ரூம் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அந்தச் சிரிப்பு. ஆம்பளைச் சிரிப்பு ஒன்று, அதன்மேல் ஏறிக்கொண்டு ஒரு பொம்பளைச் சிரிப்பு. ஆம்பளை அவள் புருஷன் பூபதி, அவளுக்கு மாமா. கட்டிலில் சாய்ந்து, போனை நெஞ்சுமேல் நிறுத்தி, ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பொம்பளை ஷைனி. "ப்ராசசருக்கும் போர்டுக்கும் ஜாதகம் பாத்துட்டேன் ப்ரோ," என்றது அந்தக் குரல், "பத்துக்குப் பத்து பொருத்தம். கண்ண மூடிட்டுத் தாலி கட்டிரலாம்." மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பத்துக்குப் பத்தாம். மாமா வாங்கப்போகிற கம்ப்யூட்டரில் ஒரு தகரத்துக்கும் இன்னொரு தகரத்துக்கும் பத்துக்குப் பத்து. நாகமணிக்கும் மாமாவுக்கும் பத்துக்கு ஏழுதான். சோசியர் சொன்னபோது அவள் அடுப்படியில் நின்றிருந்தாள், ஏழு போதுமுங்க, தாராளமாப் பண்ணலாமுங்க என்றது காதில் விழுந்தது, இல்லாத மூன்று எதுவென்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை, கேட்கிற வாய் அவளுக்கு என்றைக்கு இருந்தது, ஆனால் அன்றைக்கிருந்து அந்த மூன்றும் எங்கேயோ பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி நாக்குக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கிறது, அந்த மூன்றில் ஒன்றுதான் சேர்ந்து சிரிக்கிற பொருத்தமோ என்னமோ.

ஷைனியை அவள் பார்த்ததில்லை. கோயமுத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் பிரித்து மாட்டத் தெரிந்தவள், மாமா போனில் சுட்டு விளையாடுகிற கேமில் அவரோடு ஒரே கட்சி, இவ்வளவுதான் தெரியும். போனில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கிரீடம் வைத்த ஒரு பூனை. முகம் தெரிந்தாலாவது பொறாமைக்கு ஓர் அளவிருக்கும், மூக்கு கோணல், பல்லு எத்து என்று எதையாவது பிடித்துக்கொண்டு சமாதானம் ஆகலாம், பூனையை என்ன செய்வது, பூனை ஒரு நாள் சேப்பாக, ஒரு நாள் ஒல்லியாக, ஒரு நாள் தலை நிறைய முடியோடு, அவள் நினைக்கிற நாளைக்கெல்லாம் ஒரு அழகாக வந்து நிற்கிறது. அண்ணா என்று கூப்பிட்டுத் தொலைத்திருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அண்ணா என்றால் ஒரு வேலி விழுந்த மாதிரி. மாமா என்று கூப்பிட்டிருந்தால் அதற்கும் வழியிருந்தது, ஒரு ஒப்பாரி வைத்திருக்கலாம், ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாத்தையும் கூட்டியிருக்கலாம். இது இரண்டுமில்லாமல் ப்ரோ. பக்கத்து வீட்டு ஜோதியைக் கேட்டதற்கு, "அட ப்ரோன்னா அண்ணன்தான்டி, இங்கிலீசுல," என்றாள், நெஞ்சு கொஞ்சம் இறங்கிற்று, ஆனால் மறுநாளே அதே ஜோதி, தன்னைக் கட்டிக்கப்போகிற பையனிடம் போனில், "ப்ரோ ஓவராப் பேசாத ப்ரோ," என்று குழைந்தது கேட்டது. அப்புறம் அந்த வார்த்தையை என்னவென்று நம்புவது. அண்ணனுக்கும் அதே, கட்டிக்கிறவனுக்கும் அதே, பால்காரருக்கும் அதே. போன வெள்ளிக்கிழமை மாமா குளிக்கப் போயிருந்தார், ஹெட்செட் கட்டில்மேல் கிடந்தது, காதில் வைக்கும் இரண்டு மெத்தையும் அவர் தலைச்சூட்டோடு, அதற்குள்ளேதான் அந்தச் சிரிப்பு தினமும் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது, அவளுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்கும், ஆமா, ஐயோ, சூப்பர், நீ சொன்னா சரிதான், நீ சொன்னா சரிதான், விரலிடுக்கில் பிசிறு வெட்டும் இந்தக் கத்திரி செருகியே இருந்தது, ஒயரும் ஒரு நூல்தானே, நறுக். வெட்டியபிறகுதான் வெட்டினது தெரிந்தது. மாமா வந்து தூக்கிப் பார்த்துவிட்டு, "சனியம் புடிச்ச எலி," என்று மட்டும் சொன்னார். அவளும் ஆமாங்க என்றாள். அன்று சாயங்காலம் எலிக்கூண்டு வாங்கிவந்து வைத்தார், தேங்காய்ச்சில்லுகூட அவளே கீறிக்கொடுத்தாள். அதனால் வந்த லாபம் இதுதான், ஹெட்செட் இல்லாமல் இப்போது எல்லாம் ஸ்பீக்கரில், பாதியாகக் கேட்டது முழுசாகக் கேட்கிறது. எலி தன் வாலைத் தானே கடித்துக்கொண்ட கதை.

நீ சொன்னா சரிதான். அவளிடம் அதைச் சொன்னதில்லை, சொல்லும்படி அவள் எதையாவது சொன்னால்தானே. இன்று காலையில்கூட மாமா கேட்டார், பல் விளக்கிக்கொண்டே, வாயில் நுரையோடு, "மணி, கம்ப்யூட்டர் பொட்டி வந்தா அந்த ஜன்னல் மூலையில வெச்சர்லாமா? தூளிய அடுப்படிப் பக்கம் மாத்திக் கட்டிக்கலாம்." இந்த மூலை. வீட்டில் காற்று வருகிற ஒரே மூலை. இதில் தூளிக் கொக்கி, இதில் அவள் உட்காரும் பாய், இதில் சுவரில் அவள் முதுகு சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை. அடுப்படியில் பாப்பாவுக்கு வேர்க்கும், தாளிக்கிற கமறலில் இருமும், மாட்டேனுங்க என்று தொண்டைவரை வந்தது, வாய் திறந்தபோது வந்தது வேறே, "உங்க இஷ்டமுங்க." எப்போதும் அதுதான் வரும். ஒரு தடவை தாராபுரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்கவேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஸ்டாப் தாண்டி, அடுத்த ஸ்டாப்பில் வேறு யாரோ இறங்கும்போது கூடவே இறங்கி, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தாள், அப்போதும் யாராவது கேட்டால் இப்படி நடக்கத்தான் வந்தேன் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. பெண் பார்க்க வந்த அன்றும் அதே வார்த்தை. பொண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள், உங்க இஷ்டமுங்க. காப்பி குடிக்கிற நேரம், மாமா அவளை ஒரு தரம் பார்த்தார், காரச்சேவை ஒரு தரம் பார்த்தார், முடிந்தது. இந்தப் பொட்டியைப் பார்த்துப் பொறுக்க மூன்று மாசம். மூன்று மாசமாகப் படம் பார்க்கிறார், ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கிறார், வெள்ளைக்காரன் ஒருத்தன் பெட்டியைப் பிரித்துக் காட்டுவதைக் கல்யாண வீடியோ மாதிரி மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறார், அந்தக் கார்டு, கிராபிக்ஸ் கார்டாம், அதை இரண்டு விரலால் அகட்டிப் பெரிதாக்கி, முன்னால், பின்னால், ஓரத்தில், இரண்டு விசிறியோடு அது கறுப்பாகப் பளபளவென்று இருந்தது, அப்படி ஒரு நாள் தன் முகத்தை யாராவது அகட்டிப் பார்த்திருந்தால், இடது புருவத்துக்குள் ஒரு மச்சம் ஒளிந்திருப்பது தெரிந்திருக்கும், மாமாவுக்கு இன்னும் தெரியாது, தெரியுமா, தெரியாது. "ரொம்ப உசத்தியும் வேணாம், மட்டமும் வேணாம், நடுவாந்தரமாப் போதும்," என்று முதல் நாள் ஷைனியிடம் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, ஏனென்றால் புரோக்கர் அவள் வீட்டைப்பற்றிச் சொன்னதும் அதே வார்த்தை, நடுவாந்தரமான குடும்பமுங்க, பொண்ணும் நடுவாந்தரமான நெறமுங்க. நடுவாந்தரத்துக்கே மூன்று மாசம் பார்க்கிற மனுஷன் அன்றைக்கு ஏன் ஒரு காப்பியோடு எழுந்துவிட்டார். பிடித்துப்போய் எழுந்தாரா, போதும் என்று எழுந்தாரா. இதைத்தான் கேட்கவேண்டும், மூலையைப்பற்றி அல்ல, இல்லை, மூலையைப்பற்றியும்தான்.

"ரேம் ஒத்தையாப் போடாதீங்க ப்ரோ," என்றாள் ஷைனி உள்ளே. "ஜோடியாத்தான் போடணும். ஒத்தையாப் போட்டா இருந்தும் வேஸ்ட்." அதுக்குக்கூட ஜோடி வேணுமாக்கும், என்று நாகமணி பச்சைப் பனியனிடம் சொன்னாள், சத்தம் வராமல். தூளிக்குள் பாப்பா சப்புக்கொட்டினாள். கால் இழுத்தது. "கேபினட் பெருசாவே எடுங்க. முன்னால மூணு ஃபேனு, பின்னால ஒண்ணு. நல்லா காத்தோட்டமா, ஜன்னல் பக்கம் வெச்சிருங்க, சூடு ஆகக்கூடாது." மூன்றும் ஒன்றும் நான்கு விசிறி அதுக்கு. மேலே ஓடுகிற ஒரே விசிறியை நாகமணி அண்ணாந்து பார்த்தாள், அதுவும் மாசி மாசத்திலிருந்து டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு, வயதான ஆள் படியேறுகிற மாதிரி சுற்றுகிறது. சூடு ஆகக்கூடாதாம், ப்ராசசர் நெற்றியில் ஏதோ பசைகூடத் தடவவேண்டுமாம், சந்தனம் மாதிரி, மாமாவே ஒரு நாள் ஆசையாகச் சொன்னார், "ஒரு பட்டாணி அளவு வெச்சு, மேல மெதுவா அமுக்கோணும் மணி," என்று கட்டைவிரலை அவள் உள்ளங்கையில் வைத்து அமுக்கிக் காட்டினார், அந்த ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது, பொட்டி வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது, அப்புறம் போன் அடித்தது, பூனை. மாமா கையை எடுத்தார், கையில் சூடு கொஞ்ச நேரம் இருந்தது, போய்விட்டது. "பாட்டில்நெக் வந்துராது இல்ல?" என்று மாமா கேட்டார் இப்போது. அந்த வார்த்தையும் அவளுக்குத் தெரியும், மாமா சொல்லித் தந்ததுதான், ஒன்று வேகமாகவும் ஒன்று மந்தமாகவும் இருந்தால் வேகமானது சும்மா காத்துக்கொண்டே நிற்குமாம், மந்தமானது அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்குமாம். எட்டாவதோடு நிறுத்தினவள் அவள். இங்கிலீசு எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அவர் இத்தனை நாளும் நின்று காத்துக்கொண்டேயிருந்தாரோ. "அப்படி வந்தா பின்னால அப்கிரேட் பண்ணிக்கலாம் ப்ரோ. பழசக் கழட்டிட்டுப் புதுசு மாட்டறது அஞ்சு நிமிஷ வேல." அஞ்சு நிமிஷ வேலை. அஞ்சே நிமிஷம். வெயில் ஜன்னல் கம்பி வழியாகப் பாயில் விழுந்து, அதில் பஞ்சுத்தூசி மெதுவாக மிதந்தது, அது அவள் மூக்கிலும் இருந்தது, புருவத்திலும் இருக்கும், மச்சத்தின்மேல். "பணம் இன்னும் கொஞ்சம் இடிக்குதே ஷைனி, எதுல கொறைக்கறது?" "மதர்போர்டுல கொறைங்க. அதுல கொறச்சா ஒண்ணும் தெரியாது. கார்டுல மட்டும் கை வெக்காதீங்க, அதுதான் மெயின்." மதர்போர்டு என்றால் என்னவென்று மாமா சொன்னபோது அவளுக்கு அந்த ஒன்றுதான் பிடித்திருந்தது, எல்லாம் அதிலேதான் குத்தி உட்காரும், அது ஆடாமல் இருந்தால்தான் மற்றது ஓடும், அதனால்தான் அம்மா என்று பேர், பச்சையாக, கோடு கோடாக, கோலம் மாதிரி. அதில் குறைத்தால் ஒன்றும் தெரியாதாம். யாரைக் கேட்டுச் சொல்கிறாள். நறுக்கென்று கத்திரி எங்கேயோ போயிற்று, பார்த்தால் நூல் இல்லை, துணி, பச்சைப் பனியனின் நெஞ்சில் ஒரு விரல்நுனி நுழைகிற ஓட்டை, அதன் வழியாக அவள் சேலையின் நீலம் தெரிந்தது. ஐயோ என்று வாயில் வந்ததை விழுங்கினாள். சுருட்டி, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மேலே உட்கார்ந்திருந்தாலும் அந்த ஓட்டை தொடையில் உறுத்துகிற மாதிரியே இருந்தது, துணிக்கு என்ன உறுத்தல் இருக்கும், இருந்தது.

"அப்புறம் ஷைனி, ஹெட்செட் வேற போச்சு," என்றார் மாமா. "எலி கடிச்சுருச்சு. போட்டோ அனுப்பியிருக்கேன் பாரு, ஒட்டவெக்க முடியுமான்னு சொல்லு." நாகமணியின் கால் இழுப்பதை நிறுத்திக்கொண்டது. போட்டோ. போட்டோ எடுத்தது எப்போது, அவளுக்குத் தெரியாமல். குழாயடியில் பாத்திரச் சத்தமும் அந்த நேரம் பார்த்து நின்றது, தூளி தானாக இரண்டு ஆட்டம் ஆடி, குறைந்து, நின்றது. ஷைனி போட்டோவைத் திறந்திருப்பாள். பார்க்கிறாள். இரண்டு விரலால் அகட்டிப் பார்ப்பாள், எல்லாரும் அப்படித்தானே பார்க்கிறார்கள், வெட்டுவாய் பெரிதாகும், இன்னும் பெரிதாகும், செம்புக்கம்பி ஒவ்வொன்றும் சமமாக, நேராக, பிசிறே இல்லாமல், நான்கு வருஷமாகப் பிசிறில்லாமல் வெட்டிப் பழகின கை. அங்கேயாவது கொஞ்சம் பிசிறு விட்டிருக்கக்கூடாதா. "ப்ரோ," என்றாள் ஷைனி, "இது எலியா?" "ஏன்?" "எலி கடிச்சா ரப்பரு மென்னு மென்னு இருக்கும். இது கத்திரில வெட்டுன மாதிரி இருக்கு." கட்டில் கிறீச்சென்றது, மாமா எழுந்து உட்கார்ந்திருப்பார். அவள் காதுக்குள் ரத்தம் டக் டக்கென்று விசிறி மாதிரி ஓடியது. "பாப்பா எடுத்து ஏதாவது…" என்று மாமா இழுத்தார். "பாப்பாவா?" என்றாள் ஷைனி, சிரித்தாள், இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது, மாமா கூடச் சேரவில்லை, "பாப்பாவுக்கு என்ன வயசு ப்ரோ? சரி சரி. நீங்க ராத்திரியெல்லாம் என்கூட சுட்டுகிட்டிருந்தா வீட்டுல எலி வரத்தான் செய்யும். அக்காவ இது வரைக்கும் நான் விசாரிச்சதுகூட இல்ல பாருங்க. இருக்காங்களா?" அக்கா. அவள் அக்காவாகிவிட்டாள். மாமா ப்ரோ, அவள் அக்கா, இதை எந்த வேலியில் சேர்ப்பது, அண்ணன் பெண்டாட்டி என்றால் அண்ணி என்றல்லவா சொல்லவேண்டும், அக்கா என்றால் அக்கா புருஷன் ஷைனிக்கு என்ன முறை ஆகும், மச்சான் முறையல்லவா ஆகும், கேலிக்குச் சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா, கோயமுத்தூரில் எல்லாரும் எல்லாருக்கும் அக்காதானோ, போகட்டும், குரலில் பூனை இல்லை, குரலில் இருந்தது ஒரு களைத்துப்போன பொம்பளை, பின்னால் குக்கர் விசில்கூடக் கேட்கிறது, அவளும் எங்கேயோ ஒரு அடுப்படியில் நின்றுகொண்டுதான் பேசுகிறாள் போலிருக்கிறது, அவளுக்கும் ஒரு மூலை இல்லையோ என்னமோ. அதற்காக இந்த மூலையைக் கொடுத்துவிட முடியுமா. முடியாது. சிரித்தது சிரித்ததுதான், மூன்று மாசம் மூன்று மாசம்தான், நெஞ்சில் எரிகிறது எரிகிறதுதான். இப்போது கூப்பிடுவார். கூப்பிட்டதும் அவள் எழுந்து போவாள், எப்போதும் அப்படித்தான், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரைச்சீலை ஓரத்தில் நின்று, என்னங்க, உங்க இஷ்டமுங்க, திரும்பி வந்தால் இங்கே பொட்டி உட்கார்ந்திருக்கும், வெள்ளையாக, கண்ணாடி போட்டு, உள்ளே விளக்கெரிந்துகொண்டு, புது மருமகள் மாதிரி. இந்தத் தடவை போகக்கூடாது. கட்டைவிரலில் கயிறு இருக்கிறது, அதைச் சொல்லலாம், பொய்யுமில்லை. அவர் வரட்டும். வந்து இந்த மூலையில் நிற்கட்டும், காற்று எப்படி வருகிறது என்று அவர் மேலும் படட்டும். கையில் கத்திரியைப் பார்ப்பார், பார்க்கட்டும், ஓட்டைப் பனியனையும் எடுத்துக் காட்டிவிடலாம், எலி இல்லீங்க, நாந்தான், எதுக்கு வெட்டினேன்னு கேட்டா, கேளுங்க, நீங்க கேட்டாத்தான எனக்கும் சொல்ல வரும், அன்னிக்கி அந்தச் சோசியரு சொன்ன பத்துல, இல்லாத அந்த மூணு பொருத்தம் எதுன்னு நீங்களாச்சும் எனக்கு

"மணீ! ஏ மணீ, செத்த இங்க வா. ஷைனி உங்கிட்டப் பேசோணுமாம்."

கயிறு கட்டைவிரலில் இறுகியது. தூளி ஒரு தரம் குலுங்கி அடங்கிற்று. நாகமணி எழுந்திருக்கவில்லை. "பாப்பா தூங்கறாளுங்க," என்றாள், தன் குரல் திரைச்சீலையைத் தாண்டிப் போவது அவளுக்கே கேட்டது, பஸ்ஸில் யாரோ இறங்கவேண்டும் என்று சொல்கிற மாதிரி, "நீங்க இங்க வாங்க மாமா, போனோடயே வாங்க, வந்து இந்த மூலையில செத்த நின்னு பாருங்க, அந்த எலி வந்துங்க…"